காவி பனியன்

ஓட்டம் முதலில் என்னுடையது. இதைச் சொல்லாமல் மேற்கொண்டு ஒரு வரி எழுத மாட்டேன். மண்ணரையில் குடியிருந்துகொண்டு, திருப்பூர் பனியன் கம்பெனிக்குத் தினமும் ஓடியே வேலைக்குப் போனவன் நான். அறுபதுகளின் கடைசி அது. வளர்ந்த ஆள் ஒருத்தன் அரைக்கால் சட்டை மாட்டிக்கொண்டு காரணமில்லாமல் ஓடுவதை எங்கள் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. நாய் துரத்தும். டீக்கடையில், “போலீஸ்காரங்க எவ்வளவு தூரத்துல வர்றாங்க?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் ஓடினேன்.

அவன் வெள்ளகோவிலில் இருந்து பிறகுதான் வந்தான். கட்டிங் மேஜையில் எனக்கு எதிரே நின்றான். தங்க இடமில்லை என்று எங்கள் வீட்டில் என் அறையிலேயே பாயை விரித்தான். ஒருநாள் காலையில், “சும்மா தொணைக்கு நானும் வரட்டுங்களா மாப்ளே?” என்றான். வா என்றேன். என் நாக்கில் சனி உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு மாதம்கூட ஆகவில்லை, எனக்கு முன்னால் ஓட ஆரம்பித்துவிட்டான். அதுவும் பேசிக்கொண்டே! நான் நாய் மாதிரி இரைக்க, அவன் திரும்பிப் பார்த்து, ராத்திரி பார்த்த படத்தின் கதையைச் சொல்லுவான். நான் பீடியை விட்டேன், சோற்றை அளந்து தின்றேன். அவன் மூன்று ஆள் சாப்பாட்டைத் தின்றுவிட்டு, படுத்தவுடன் குறட்டை விட்டான். பக்கத்தில் படுத்து அந்தக் குறட்டையைக் கேட்டால் எனக்கு வயிறு பற்றி எரியும்.

அந்த மார்கழியில் முதலாளி ஒரு செய்தி கொண்டுவந்தார். மெட்ராஸில் மாரத்தான் ஓட்டம் நடக்கப்போகிறது, நம் கம்பெனி பனியனைப் போட்டுக்கொண்டு நம் ஆள் ஒருத்தன் ஓட வேண்டும் என்றார். ஒருத்தன்தான். நான் அன்றைக்கே வீட்டுக்குப் போய், மெட்ராஸ் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா அதை எங்கள் வளவில் இருந்த அத்தனை வீட்டிலும் சொல்லிவிட்டது. மறுநாள் முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் ரோட்டில் கொடுவாய் வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி வாருங்கள், யார் முதலில் கம்பெனி கேட்டைத் தொடுகிறானோ அவனுக்கு மெட்ராஸ் என்றார். கணக்குப்பிள்ளை முன்கூட்டியே போய்க் கொடுவாய் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். பாதியில் திரும்பி ஏமாற்றாமல் இருக்க, பனியன் வெளுக்கப் போடும் நீலத்தை எங்கள் கையில் தடவி அனுப்புவார். ஏற்பாடெல்லாம் சரிதான்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயப்பட்டறையில் இருந்து ஒரே ஒரு கலர் பனியன் வந்தது. சோதனைக்காகச் சாயம் போட்டுப் பார்த்தது. என்ன கலர் வர வேண்டுமோ தெரியாது, வந்தது காவி. அப்போது எங்களிடம் எல்லாமே வெள்ளைதான், கலர் பனியன் என்றால் அதிசயம். முதலாளி அதை விரித்துப் பார்த்துவிட்டு, எனக்கும் அவனுக்கும் நடுவில் கையை ஒரு நொடி நிறுத்தி, அவனிடம் கொடுத்தார். “போட்டுக்க கண்ணு, தூரத்துல இருந்தே தெரியும்.” அப்படியானால் நான் தெரிய வேண்டாமா? இன்றைக்கு நினைத்தாலும் பொறுக்கவில்லை.

விடியும்போது கிளம்பினோம். செருப்பில்லாத கால்தான் இரண்டு பேருக்கும். நல்ல பனி. ரோட்டின் ஓரமெல்லாம் பழனிக்கு நடந்து போகிறவர்கள். தைப்பூச நேரம் அல்லவா, சேவூர்ப் பக்கத்தில் இருந்தெல்லாம் கூட்டம் கூட்டமாகக் காவடியோடு வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஓட்டமும் பழனி போகும் அதே திசையில்தான். அதை யாரும் யோசிக்கவில்லை, முதலாளியும் யோசிக்கவில்லை. கொஞ்ச தூரத்திலேயே அவன் முன்னால் போய்விட்டான். காவி முதுகு மட்டும் சின்னதாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். கல் தடுக்கிக் கீழே விழ மாட்டானா என்றுகூட நினைத்தேன்.

கொடுவாய் வருவதற்கு முன்னால் ஒரு தண்ணீர்ப் பந்தல். அங்கே காவியைக் காணவில்லை, கூட்டம்தான் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், நடுவில் நிற்கிறான் நம் ஆள்! காவி உடுப்பு, வெறுங்கால், பழனி ரோடு, அதிலும் நடக்காமல் ஓட்டம். ஏதோ கடுமையான வேண்டுதல் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சொம்பு சொம்பாக மஞ்சள் தண்ணீரை அவன் காலில் ஊற்றுகிறார்கள். “அரோகரா!” என்று ஒரே சத்தம். ஒரு பெரியவர் தடாலென்று விழுந்து கும்பிட்டார். ஒரு அம்மா தன் கைக்குழந்தையைத் தரையில் கிடத்தி, “தாண்டிப் போங்க சாமி” என்றது. அவன் என்ன செய்ய வேண்டும்? நான் அந்த ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாமா? கண்ணை மூடிக்கொண்டு நின்றான். தட்டில் இருந்த திருநீற்றை எடுத்துப் பெரியவர் நெற்றியில் பூசியும் விட்டான்.

அப்போது என்னைப் பார்த்த ஒருத்தர், “அக்கட்டால நில்லு கண்ணு, சாமிக்கு வழி உடு” என்றார்.

அவன் சாமி. நான் கண்ணு!

அந்த நிமிஷம் நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். வரிசையில் இன்னும் பாதி ஊர் நின்றது. அத்தனை பேரும் கும்பிட்டு முடிப்பதற்குள் நான் நீலத்தைத் தடவிக்கொண்டு பாதி தூரம் திரும்பியிருப்பேன். புத்திக்குத் தெரிந்தது, கால்தான் நகரவில்லை. அவன் தோற்றாலும் பரவாயில்லை, ஜெயித்தாலும் பரவாயில்லை, அவன் காலில் இன்னொரு சொம்புத் தண்ணீர் விழக்கூடாது.

“ஏனுங்க, இவன் மாலையே போடலீங்க!” என்று கத்தினேன். “பனியன் கம்பெனிக்காரனுங்க! ஓட்டப்பந்தயத்துக்கு ஓடறானுங்க!”

ஊற்றிய சொம்பு அப்படியே நின்றது. பெரியவர் எழுந்து அவன் கழுத்தைப் பார்த்தார். “மால போடலீங்களா?”

“இல்லீங்க. நான் சொல்றதுக்குள்ள நீங்க தண்ணி ஊத்திப்போட்டீங்க. பொறவு எப்படிங்க சொல்றது?”

அடி விழும் என்று ஆசையாகக் காத்திருந்தேன். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். கூட்டமே சிரித்தது. “அட சாமி, பந்தயத்த வெச்சுக்கிட்டு ஏனுங்க நிக்கறீங்க? வெரசா ஓடுங்க!” என்று வழி விட்டார்கள். குளிர்ந்த காலோடு அவன் பறந்தான். என் கையில் யாரோ பானகத்தைக் கொடுத்தார்கள். அவனுக்கு வைத்திருந்த பெரிய சொம்பும் அங்கேயே இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. விடுவேனா? அதையும் தூக்கிக் கடகடவென்று குடித்தேன்.

விலாவில் பிடித்துக்கொண்டது. கணக்குப்பிள்ளையிடம் நீலம் தடவிக்கொள்ளும்போதே என்னால் நிமிர முடியவில்லை. பாதிக்கு மேல் நடந்துதான் வந்தேன். திரும்பி வருகிற வழியில் பழனி போகிறவர்கள் எல்லாம் எதிரே வந்து, பாவம், வேண்டுதலை விட்டுவிட்டுத் திரும்புகிறான் போலிருக்கிறது என்று பரிதாபமாகப் பார்த்தார்கள். நான் கம்பெனிக்கு வந்தபோது அவன் குளித்து, சாப்பிட்டு, கேட்டருகில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

மெட்ராஸ் போனான், ஓடினான், நூறு பேரில் ஒருத்தனாக வந்தான். அதற்கே முதலாளி மாலை போட்டார். அம்மா வளவில் தலை காட்டவில்லை. நான் ஓடுவதை விட்டுவிட்டுச் சைக்கிள் வாங்கினேன்.

சில வருஷம் கழித்து அவன் கல்யாணம், வெள்ளகோவிலில். போகக்கூடாது என்றுதான் இருந்தேன், போய்விட்டேன். பந்தியில் என்னைக் கண்டதும் மாப்பிள்ளைக் கோலத்தோடு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டான். “அன்னிக்குக் கொடுவாய்ல என்னையச் சாமியாக்கி நிறுத்திப்போட்டாங்க. இவரு பேசாமப் போயிருந்தா ஜெயிச்சிருப்பாருங்க. நின்னு கத்தி, என்னைய விடுவிச்சு, இவரு தோத்தாரு. இந்த மனசு எவனுக்குங்க வரும்?” என்றான். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான். பந்தி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அவன் அப்பா எழுந்து வந்து, என்னைப் பார்த்துக் கும்பிட்டு, “நல்லா இருக்கோணுஞ் சாமி” என்றார்.

நல்ல மனசும் அவனிடம்தான் இருந்தது. அதையும் என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது. இலையில் பாயசத்தை ஊற்றினார்கள், குனிந்து சாப்பிட்டேன்.