ஒரு பேருக்குத்தான் இடம்

எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ் வரும். பின்னேரம் அதே பஸ் திரும்பிப் போகும். துணுக்காயைத் தாண்டித் தார் றோட்டு முடிந்து கிறவல் மண் றோட்டு தொடங்கினால் இரண்டு பக்கமும் காடுதான். அந்தக் காட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, குளத்துக்குக் கீழே வயலும் மேலே மேட்டுக்காணியுமாக இருக்கிறோம். மெயின் றோட்டுக் கரைக் காணிகளுக்கு வெளிநாட்டிலிருந்துகூட ஆட்கள் விலை கேட்கிறார்களாம். எங்கள் பக்கம் வருவது யானை மட்டும். அது விலை கேட்பதில்லை.

இருந்தாலும் கடவுள் எங்களுக்குக் குறை வைக்கவில்லை. மாரி மழைக் காலபோகத்தில் நெல், மேட்டில் கச்சான் கடலையும் உழுந்தும், கிணற்றில் கோடையிலும் தண்ணீர். போன வருடம் கரண்டும் வந்துவிட்டது.

என் அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தொழிலாளர் லயத்து அறை ஒன்றில் வளர்ந்து, அந்த அறையின் கதவில் ஓர் ஆணி அடிப்பதற்கும் யாரையோ கேட்க வேண்டியிருந்த மனிதர். வன்னிக்கு வந்து காடு வெட்டி இந்த இரண்டு ஏக்கரைத் திருத்தினார். காணி உரிமைக்கு அரசாங்கம் தரும் பேர்மிற் கிடைக்காமலே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு நாங்கள் யுத்தத்தில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, வளவு எது காடு எது என்று தெரியாமல் நின்று, மறுபடி வெட்டினோம். அதனால், இந்த வருடம் தைப்பூசம் கழிந்து காணிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தபோது நான் அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வாசித்தேன்.

பேர்மிற் என் பேருக்கு வருகிறது. ஆனால் எனக்கும் மனைவிக்கும் பிறகு காணி யாருக்கு என்று இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். துண்டாக்க முடியாது. ஒரு பேருக்குத்தான் இடம். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

மூத்தவள் கலியாணம் செய்து வவுனியாவில் இருக்கிறாள். மருமகன் அங்கே லொறி ஓட்டுகிறார். இளையவள் எங்களோடு இருந்து முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். இரண்டு பேரும் காணிக்காகச் சண்டை பிடிப்பார்களோ என்று பயந்துகொண்டே கேட்டேன். நடந்தது வேறு.

"ஐயோ அப்பா, எனக்கு வேண்டாம்," என்றாள் இளையவள். "யானைக்கு வெடி கொளுத்திக் கொளுத்தியே என்ர காது போச்சு. அக்காவுக்கு எழுதுங்கோ."

மூத்தவளுக்குப் போன் எடுத்தேன். "எனக்கு ஏனப்பா? நாங்கள் இஞ்ச இருக்கிறம். தங்கச்சிக்கே எழுதுங்கோ," என்று சொல்லிவிட்டு, அம்மாவின் முழங்கால் நோவைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.

எனக்கு மனம் விட்டுப்போயிற்று. பந்தியில் போதும் போதும் என்று கை மறிப்பதுபோல் இரண்டு பிள்ளைகளும் மறிக்கிறார்கள். அப்பா ஆசைப்பட்டே செத்த காணி, வேண்டுவார் இல்லாமல் கிடக்கிறது.

"இஞ்சருங்கோ, யோசிச்சது காணும்," என்றாள் மனைவி. "பிள்ளையாரிட்ட பூக்கட்டிப் பாப்பம்."

குளக்கட்டுப் பிள்ளையாரிடம் போனோம். மூத்தவளுக்குச் செவ்வரத்தம்பூ, இளையவளுக்கு நந்தியாவட்டை. ஒவ்வொன்றையும் வெளியே நிறம் தெரியாமல் வெற்றிலையில் சுருட்டி நூலால் கட்டினேன். பூசாரியார் இரண்டையும் கைக்குள் குலுக்கிச் சாமியின் காலடியில் வைத்தார். அவர் என்னைவிட வயதில் இளையவர். பகிடிக்காரர், ஆனால் பூசையில் குறை விடமாட்டார். மனைவி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு. மூத்தவள்.

மனைவிக்குச் சந்தோசம். கலியாணத்துக்கு இரண்டு சோடிக் காப்பும் ஒரு சங்கிலியும் தவிர மூத்தவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்ற குறை அவளுக்கு இருந்தது. வீட்டில் இளையவள், "அப்பாடா!" என்று துள்ளினாள். நான் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஏனென்றால் என் மனம் வெள்ளையைத்தான் கேட்டிருந்தது. இளையவளுக்கு எழுதினால் அவள் எங்கேயும் போகமாட்டாள், கடைசி வரைக்கும் எங்கள் பக்கத்திலேயே இருப்பாள். அந்தச் சுயநலத்தை நான் சாமியிடமும் சொல்லவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அடுத்த நாள் விடிய, பூசாரியார் வரமுதல், தனியே போய் மறுபடி பூக்கட்டினேன். நானே குலுக்கி, நானே எடுத்தேன். வெள்ளை வந்தது.

வந்ததும் சந்தோசப்பட வேண்டியவன் குழம்பிப் போனேன். சாமி நேற்று ஒன்று சொன்னார், இன்று ஒன்று சொல்கிறார். எதை எழுதுவது? வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது பூசாரியாரின் சைக்கிள் வந்து நின்றது. அவருக்கு ஒன்றும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

"என்ன அண்ணை, தீர்ப்புப் பிடிக்கேல்லையெண்டு அப்பீல் போட்டிருக்கிறியளோ?"

"பிழைதான் ஐயா," என்றேன்.

"அதே நீதவானிட்ட அப்பீல் போட்ட ஆளை இப்பத்தான் பாக்கிறன். நேற்று ரெண்டு பேருமா வந்து, கும்பிட்டுக் கேட்டியள். இண்டைக்குக் களவாக் கேட்டிருக்கிறியள். எதைக் கணக்கெடுக்கிறதெண்டு உங்களுக்கே தெரியும். முதல்ல அந்த வாளியை எடுத்துத் தண்ணி அள்ளுங்கோ, பிள்ளையாருக்கு முழுக்காட்டோணும்."

பத்து வாளி அள்ளினேன். மனம் ஆறியது. வீட்டுக்கு வந்து மனைவிக்கும் சொன்னேன். "வயது போனால் புத்தியும் போகுமாக்கும்," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி தந்தாள்.

திங்கட்கிழமை கந்தோருக்குப் போக முதல், மூத்தவளின் அடையாள அட்டை இலக்கம் தேவைப்பட்டது. போன் எடுத்தேன்.

"பிள்ளை, உன்ர ஐசி நம்பரைச் சொல்லு."

"ஏனப்பா?"

"பூக்கட்டிப் பாத்தனாங்கள். பிள்ளையார் உன்ர பேரைச் சொல்லிப்போட்டார்."

இலக்கத்தைச் சொன்னாள். நான் பிழையாக எழுதிவிடுவேன் என்று இன்னொருமுறை மெதுவாகச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

"அப்பா, யானை எலுமிச்சை, தேசிக்காய் மரங்களைத் தொடாது, தெரியுமோ? இஞ்ச சந்தையில தேசிக்காய்க்கு எப்பவும் ஆள் இருக்கு. கிழக்குக் கரையில வைச்சால், இவர் லொறியில ஏத்துவார். கரண்டும் வந்திட்டுதுதானே, மோட்டர் பூட்டலாம். கிணறு எத்தினை அடி?"

"இதெல்லாம் எப்ப பிள்ளை யோசிச்சனீ?"

"ரெண்டு வருசமா."

"பிறகேன் வேண்டாமெண்டனீ?"

"கலியாணப் பேச்சில நீங்கள்தானே சொன்னியள், காணி இல்லை, எதிர்பாக்காதேங்கோ எண்டு. அவையளும் ஓமெண்டு சொல்லித்தான் செய்தவை. இப்ப நான் கேட்டால், பிந்திச் சீதனம் கேக்கிற மாதிரி இருக்காதோ? அவரின்ர ஆக்களுக்கும் வெக்கம், எனக்கும் வெக்கம். இனி ஆரும் கேட்டால் சொல்லலாம், நான் கேக்கேல்லை, சாமி தந்ததெண்டு."

மனைவி போனைப் பறித்துக்கொண்டு மிச்சத்தைக் கதைத்தாள். நல்ல காலம், வெள்ளைப் பூவின் பேச்சைக் கேட்டு எழுதியிருந்தால் என் பிள்ளை அந்த ஆசையை வாய் திறக்காமலே வைத்திருந்திருப்பாள்.

கந்தோரில் அதிகாரி பேரை எழுதிவிட்டு, "என்ன முறை?" என்று கேட்டார். "மூத்த மகள்," என்றேன். மகள் என்றால் போதும் என்றார். கையெழுத்து வைத்தேன்.

இளையவள் வவுனியாவில் ஒரு பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். கிடைத்தால் அக்காவின் வீட்டில் நின்று படிப்பாள். அவள் போனால் வீடு வெறிச்சோடும். என்றாலும் பிடித்து வைத்திருக்க நினைத்தவன் நான்தான், அவளில் பிழையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மூத்தவளும் மருமகனும் காலைப் பஸ்ஸில் வந்தார்கள். வந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, கயிற்றைப் பிடித்துக் கிழக்குக் கரையை அளக்கத் தொடங்கிவிட்டார்கள். எத்தனை அடிக்கு ஒரு தேசிக் கன்று என்று அவர்களுக்குள் வாக்குவாதம். மருமகன் பன்னிரண்டு என்கிறார், இவள் பதினைந்து என்கிறாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அப்பா, இந்தமுறை இதில கச்சான் போடாதேங்கோ," என்றாள், என்னைத் திரும்பியும் பார்க்காமல்.

"ஓம் பிள்ளை," என்றேன்.

நேற்று உழவு மெசின் வந்தது. அந்தக் கரையை உழாமல் விடச் சொல்லிவிட்டேன்.