சோளம் மருந்துத் தண்ணியைக் குடித்த நாள்

எங்கள் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவளை வீட்டில் பார்க்கவில்லை. திருச்சுழி ரோட்டில், ஓடுகிற ஸ்கூட்டியில் பார்த்தார்கள். அப்போது அவள் பட்டுச்சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருந்தாள். பின்சீட்டில் நான் இருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் வாயில் நுரை தள்ளிக்கொண்டு ஒரு நாய் இருந்தது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பட்டப்படிப்பு முடித்துவிட்டு அருப்புக்கோட்டையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் சோளக்காட்டில் கண்கூடத் திறக்காமல் கிடந்த குட்டியைத் தூக்கி வந்து, பஞ்சில் பால் நனைத்துப் பிழைக்க வைத்தவள் அவள்தான். அதனால் நாய்க்குச் சோளம் என்றே பெயர். அவள் ஸ்கூட்டி தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே அது வாசலுக்குப் போய் நின்றுவிடும். எனக்கு அப்போது ஒன்பது வயது. சோளத்தை நான் என் தம்பி என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருந்தேன்.

அது தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பந்தல்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பத்தரை மணிக்கு வருவதாக இருந்தது. வீடு முழுக்கக் கேசரி வாசனை. அம்மா வாழைக்காயைப் பஜ்ஜிக்குச் சீவிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்து வீடுகளில் நாற்காலி வாங்கப் போயிருந்தார். முந்தின நாள் பருத்திக்குப் பூச்சி மருந்து அடித்துவிட்டு அவர் கழுவாமல் வைத்த வாளி, கொல்லையில் மோட்டார் பக்கத்தில் அப்படியே கிடந்தது. அதில் யாரோ தண்ணீர் பிடித்திருக்கிறார்கள். சோளம் அதைக் குடித்திருக்கிறது.

நான்தான் முதலில் பார்த்தேன். சுவரோரம் நின்றுகொண்டிருந்த நாயின் பின்னங்கால்கள் தனியாக நடுங்கின. வாயிலிருந்து எச்சில் கயிறுபோல் இறங்கியது. கூப்பிட்டதும் என்னைப் பார்த்து ஓரடி வைத்தது. அடுத்த அடி வைக்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தது.

அத்தை ஓடி வந்தாள். தலையில் பூ வைத்து, கண்ணுக்கு மை எழுதி முடித்திருந்தாள். வாளியை முகர்ந்து பார்த்தாள். அழவில்லை, யாரையும் திட்டவுமில்லை. சோளத்தின் வாயையும் மீசையையும் தண்ணீர் விட்டுக் கழுவினாள். மாட்டுக்கொட்டகைக்குள் போய், ஓட்டில் செருகியிருந்த மருந்து பாட்டிலைத் தேடியெடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். ஒரு சாக்கை விரித்து நாயை அதில் தூக்கி வைத்தாள்.

அதற்குள் அப்பா நாற்காலியோடு வந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் அவர் முகம் செத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பலாம் என்றார், அவர் டவுனுக்குப் போயிருந்தார். லோடு ஆட்டோவுக்குப் போன் அடித்தார், யாரும் எடுக்கவில்லை. அவுக வந்துட்டுப் போகட்டும், ஒரு மணி நேரம்தானே என்று அம்மா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். சோளத்தின் விலா அந்த நேரத்தில் ஒருமுறை வெட்டி இழுத்தது.

"அவ்வளவு நேரம் இது தாங்காது மதினி. அவுக வந்தா உக்காரச் சொல்லுங்க. நான் வாரேன்" என்றாள் அத்தை. பிறகு என்னைப் பார்த்து, "ஏத்தா, நீ ஏறு. என்ன ஆனாலும் கைய விட்றாத" என்றாள்.

அருப்புக்கோட்டையில் தன் வீட்டிலேயே வைத்தியம் பார்க்கிற மாட்டு டாக்டர் ஒருவர் இருந்தார். அங்கே போக எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். சாக்கோடு சேர்த்து நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் உடம்பெல்லாம் தோலுக்கடியில் எறும்பு ஓடுவதுபோல் துடித்தது. எச்சில் என் பாவாடையை நனைத்துக் காலில் வழிந்தது. அத்தையின் தலையிலிருந்து பூ உதிர்ந்து என் முகத்தில் ஒட்டியது, துடைக்கக் கை இல்லை. "மூச்சு இருக்கா?" என்று அவள் திரும்பாமலே கேட்டுக்கொண்டே வந்தாள். இருக்கு என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டு தடவை எனக்கே தெரியவில்லை. தெரியாமலேதான் சொன்னேன்.

பாதி வழியில் எதிரே ஒரு வெள்ளை வேன் வந்து வேகம் குறைந்தது. ஜன்னலோரம் இருந்த பெண்கள் பழத்தட்டை மடியில் வைத்தபடி எங்களையே பார்த்தார்கள். அத்தை பார்த்தாளா என்று தெரியாது. வண்டியின் வேகம் குறையவில்லை.

டாக்டர் பாட்டிலில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். இதைக் கொண்டுவந்தது ரொம்ப நல்லதாகப் போயிற்று என்றார். நாயின் கண்ணை விரித்துக் காட்டினார். கண்மணி கடுகைவிடச் சின்னதாகச் சுருங்கியிருந்தது. ஊசி போட்டார். கால் மணி நேரம் கழித்து இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார். பிழைக்குமா என்று நான் கேட்டதற்கு, கொஞ்சம் பொறு பாப்பா என்று மட்டும் சொன்னார்.

அத்தை சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு, சோளத்தின் தலையைப் பட்டுச்சேலை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு மூச்சையும் விரல்விட்டு எண்ணினாள். நடுநடுவே அப்பாவிடமிருந்து போன் வந்தது. முதல் இரண்டை எடுத்து, இன்னும் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றாள். மூன்றாவது வந்தபோது சத்தத்தை அமுக்கிப் பைக்குள் போட்டாள். அந்த ஒன்றரை மணி நேரமும் அவளுக்கு நாயைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. கூடவே இருந்த நான் இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

பதினொன்றே முக்கால் இருக்கும். எச்சில் நின்றது, நடுக்கம் அடங்கியது. சோளம் தலையைத் தூக்கி அத்தையின் கையை நக்கியது. அவள் அப்போதுதான் அழுதாள், மை கரைந்து தாடைவரை வந்தது. டாக்டர் மறுபடியும் கண்ணைப் பார்த்துவிட்டு, இனிமேல் பயமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், ராத்திரி மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார்.

அத்தை எழுந்திருக்கவில்லை. "இன்னொரு பாட்டில் ஏத்திருங்க சார்" என்றாள்.

டாக்டர் அவளுடைய சேலையைப் பார்த்தார், வளையல்களைப் பார்த்தார், தலையில் மிச்சமிருந்த பூவைப் பார்த்தார். "எத்தன மணி வரைக்கும் ஏறணும்மா?"

"ரெண்டு மணி வரைக்கும்."

அவர் தலையாட்டிவிட்டு, சொட்டு மெதுவாக விழும்படி திருகி வைத்தார். இவ்வளவு பெரிய டாக்டருக்கே மணிக்கணக்கு தெரியவில்லை, கணக்கு டீச்சர் என்பதால் எங்கள் அத்தையிடம் கேட்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் ஒன்றேகால்வரை இருந்து, கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். நல்ல மனுஷர்கள்தான். வாசலில் வைத்து, பொண்ணை வழியிலேயே பார்த்துட்டோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். அதற்கப்புறம் தகவல் ஏதும் வரவில்லை. கல்யாணம் இப்போது வேண்டாம், பி.எட். படிக்க வேண்டும் என்று அத்தை அதற்கு முன் மூன்று தடவை வீட்டில் வாயைத் திறந்து, மூன்று தடவையும் யார் காதிலும் அது விழாமல் போனது என்பதெல்லாம் அம்மா சொல்லி எனக்குத் தெரிய இன்னும் பத்து வருடம் ஆயிற்று.

நாங்கள் வீடு வந்தபோது மூன்று மணி. அப்பா முதலில் சோளத்தைத்தான் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அத்தையைப் பார்த்தார். அவளிடம் ஒன்றும் கேட்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"டாக்டர் எப்பத்தா விட்டாரு?"

அத்தை எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். என் தோளில் இருந்த அவள் கை இறுகியது. வலித்தது. நான் நடந்ததைத்தான் சொன்னேன்: ரெண்டு மணி வரைக்கும் மருந்து ஏறிச்சுப்பா, அப்புறந்தான் ஊசியைக் கழட்டுனாரு.

அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு மோட்டார் பக்கம் கழுவப் போனார். தோளில் இருந்த கை தளர்ந்து மெல்ல என் தலைக்கு வந்தது, ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது. பன்னிரண்டு கிலோமீட்டரும் நாயை நழுவவிடாமல் பிடித்து வந்ததற்காக அத்தை தட்டிக்கொடுக்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.