மனைவி பார்த்து எடுத்த துவக்கு

கனடாவில் துப்பாக்கி லைசென்ஸுக்கு, எங்கள் பேச்சில் துவக்கு லைசென்ஸுக்கு, எழுதிப் போடும்போது மனைவி கையெழுத்து வைப்பதற்கும் அதில் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். மனைவி வைக்காவிட்டால், உன் புருசன் துவக்குக் கேட்கிறான் என்று அவளுக்குத் தனியாக அறிவிப்பார்கள். அந்த இடம் வெறுமையாக இருந்தபடியே எங்கள் வீட்டு விண்ணப்பம் மாதா சுரூபத்துக்குக் கீழே கனநாள் கிடந்தது. ஒவ்வொரு பின்னேரமும் நாங்கள் செபமாலை சொன்னோம். அது அங்கேயே கிடந்தது.

நான் ஜெனரேற்றர் திருத்துகிறவன். வீடு ஸ்காபரோவில், மல்வேர்னில் இருந்தாலும் வேலை அங்கே இல்லை. எங்கள் கொம்பனிக்கு வடக்கே நாலு மணித்தியால ஓட்டத்தில், சட்பரியில், ஒரு டிப்போ இருக்கிறது. அங்கேயிருந்து ட்ரக்கில் இன்னும் வடக்கே ஏறி, காட்டுக்குள் தனியாக நிற்கும் போன் கோபுரங்களுக்குப் போவோம். கோபுரத்துக்குக் கீழே ஒரு தகரக் கொட்டில் இருக்கும். அதற்குள் ஜெனரேற்றர். மின்சாரம் நின்றால் அதுதான் கோபுரத்துக்கு உயிர். எஞ்சின் ஓடும்போது ஒருவர் உள்ளே வேலை செய்தால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் மற்றவர் வாசலில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். வசந்தகாலம் கரடிகள் குட்டிகளோடு திரிகிற காலம்.

முன்பு என்னோடு வந்தவர் ஒரு வெள்ளைக்காரர், வேட்டைக்காரர். துவக்கு அவருடையது. அவர் முழங்காலை மாற்றி ஓய்வெடுத்தபோது துவக்கும் அவரோடு போய்விட்டது. அவருக்குப் பதிலாக வந்தவர் ஒரு பிலிப்பினோ. நல்ல மனிதர், என் வயதுதான். நாட்டுக்கு வந்து கொஞ்சக்காலம்தான் ஆகியிருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, இரண்டு பேரில் ஒருவரிடம் லைசென்ஸும் துவக்கும் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கரடிக் காலத்தில் உங்களை வடக்கே அனுப்பமாட்டேன் என்றார். மிளகாய் ஸ்பிரே இருக்கிறதுதான். ஆனால் காற்று மாறி அடித்தால் அது எங்கள் முகத்துக்கே வரும். அவர் சொன்னது எங்கள் நன்மைக்குத்தான். ஆனால் வடக்கே போகாவிட்டால் எனக்கு அந்தக் கொம்பனியில் வேறு வேலை கிடையாது.

ஸ்காபரோவில் ஒரு சனி, ஞாயிறு வகுப்புக்குப் போனேன். அந்த ஞாயிறு பூசைக்குப் போகமுடியவில்லை என்று ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் துவக்கின் முன்பக்கத்தை மட்டுமே பார்த்தவன் நான். பின்பக்கத்தில் நின்று அதைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை. தோட்டா போடமுடியாத பழகு துவக்குத்தான்.  குழாயை ஒருநாளும் ஆட்களுக்கு நேராகப் பிடிக்கக்கூடாது என்று படிப்பித்தவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இதை அங்கேயும் யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன். சோதனையில் பாஸ் பண்ணிவிட்டேன்.

மனைவியின் கையெழுத்துத்தான் மிச்சம். அவள் சண்டை பிடிக்கவில்லை. வைக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

“கொஞ்சம் பொறுங்கோ. மாதாவிட்டைக் குடுத்திருக்கிறன்” என்றாள்.

“மாதாவோ கையெழுத்து வைக்கப்போறா?”

“பகிடியை விடுங்கோ.”

அவளுடைய பயத்தின் காரணம் எனக்குத் தெரியும். அவள் ஊரில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, யாரோ அவர்களுடைய விறகுக் கொட்டிலில் ஒரு சாக்கை இரவோடிரவாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நீளமான சாக்கு. விடிய ஆமிக்காரர் சுற்றிவளைத்து வீடு வீடாகத் தேடினார்கள். பக்கத்து வீடு வரைக்கும் வந்து, என்ன காரணமோ, திரும்பிப் போய்விட்டார்கள். பின்னேரம் பார்த்தால் சாக்கையும் காணவில்லை. அதற்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவளுடைய தாய் பிள்ளைகளை அந்த வீட்டில் படுக்கவிடவில்லை. இருட்டுப்பட முன்னம் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போய்விடுவார்களாம். அப்படி வளர்ந்தவளிடம், நான் எந்த வாயால், கையெழுத்தை வை என்று நெருக்குவது?

மே மாதம் ஒரு கோபுரம் நின்றுபோனதால், முதலாளி தன் சொல்லைத் தானே மீறி எங்களை அவசரமாக அனுப்பினார். துவக்கு இல்லாமல், ஸ்பிரேயோடும் கரடியை விரட்டுகிற ஊதுகுழலோடும் போனோம். வேலை முடித்துக் கொட்டில் கதவைத் திறந்தால், எங்கள் ட்ரக்கின் பக்கத்தில் ஒரு தாய்க்கரடி. இரண்டு குட்டிகளும் ட்ரக்கின் கீழே. ஊதுகுழலை ஊதினோம். தாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே இருந்துவிட்டது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். பொழுது சாயும் நேரம்தான் அவை எழும்பிப் போயின. வீட்டுக்கு வந்ததும் இதை ஒரு பகிடிபோல மனைவிக்குச் சொன்னேன். பிலிப்பினோக்காரர் தன் கடைசி பிஸ்கட்டை எனக்குப் பாதி தந்த கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. எழும்பிப் போய் மாதாவின் காலடியில் இருந்த விண்ணப்பத்தை எடுத்து, கையெழுத்தை வைத்து, என்னிடம் தந்தாள்.

“எங்கை வைக்கப்போறியள் அதை?”

“கீழே பேஸ்மென்றிலை. இரும்புப் பெட்டி வாங்கிப் பூட்டித்தான் வைக்கவேணும். சட்டம் அப்பிடி.”

“ம்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேஸ்மென்றுக்கு இறங்கவில்லை. உடுப்புத் தோய்க்கிற மெசின் கீழேதான் இருக்கிறது. “உந்த உடுப்பை ஒருக்காக் கொண்டுபோய்ப் போடுங்கோ” என்று என்னை அனுப்புவாள். துவக்கு இன்னும் வரவில்லை. லைசென்ஸே வரவில்லை. ஆனால் அவளுக்கு அது வந்து கீழே கிடப்பதுபோலத்தான். இரவில் புரண்டு புரண்டு படுத்தாள். கேட்டால், கோப்பி குடித்தது பிழை என்பாள். அவள் கோப்பி குடிப்பதில்லை.

லைசென்ஸ் தபாலில் வந்தது. எந்தத் துவக்கு எடுப்பது என்று யோசித்தேன். எங்கள் ட்ரக்கின் பின்சீற்றில் கருவிப் பெட்டி, எண்ணெய்க் கான், ஃபில்ற்றர் எல்லாம் நிறைந்திருக்கும். நீளமான சாமானுக்கு இடமில்லை. சில கோபுரங்களுக்குப் பற்றைக்குள்ளால் நடந்து போகவேண்டும். நீளமானது கொப்புகளில் மாட்டும். கட்டையானதுதான் தோது. இதற்குள் இன்னொரு எண்ணமும் இருந்தது. துவக்கு எவ்வளவு சின்னனோ, அவளுடைய பயமும் அவ்வளவு சின்னதாகும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வெளிக்கிட்டபோது அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

“நானும் வாறன்.”

“துவக்குக் கடைக்கோ?”

“வீட்டுக்கு வாற சாமானை நான் பாக்காமல் என்னெண்டு வாங்குறது?”

கடை நானூறாம் ஹைவேயில், சட்பரிக்குப் போகும் வழியில் இருந்தது. ஒரு பக்கம் தூண்டில், ஒரு பக்கம் கூடாரம், உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் துவக்குகள். அவள் கோயிலுக்குப் போகிற சேலையில் வந்திருந்தாள். ஒருவரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. விற்பனைக்காரர் வெள்ளைத் தாடிக்காரர், அவளை ‘மேடம்’ என்று கூப்பிட்டார். மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று நீளமானது. ஒன்று கட்டையானது, தடித்தது. கீழே உள்ள வளையத்தைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். மற்றது இரண்டாகக் கழற்றி ஒரு பைக்குள் போடக்கூடியது.

மனைவி தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சந்தையில் மீன் வாங்குகிறவள்போல ஒவ்வொன்றாகப் பார்த்து, பைக்குள் போடுகிற சின்னதைத் தலையால் காட்டினாள்.

“இஞ்சேருங்கோ, உதுதான் நல்லது. துவக்கு மாதிரியே இல்லை. குடை மாதிரிக் கிடக்கு.”

“ஓமப்பா. ட்ரக்குக்கும் சுகம்” என்றேன். எனக்குச் சந்தோசம். அவள் ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதே பெரிய காரியம். அதையே எடுக்கிறேன் என்று தாடிக்காரரிடம் சொன்னேன்.

எதற்கு என்று அவர் கேட்டார். கரடிக்கு என்றேன். அவர் அதைக் கையில் எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டார். இது முயலுக்கும் அணிலுக்கும் நல்லது, இதால் சுட்டால் கரடிக்குக் கோபம்தான் வரும் என்றார்.

“என்னவாம்?” என்றாள் மனைவி.

“பரவாயில்லையாம்.”

“அவர் பரவாயில்லை எண்டு சொல்லேல்லை. கோவம் வருமெண்டு சொன்னவர். எனக்கும் கொஞ்சம் இங்கிலீசு விளங்கும்.”

நான் காசு அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.

“கோவம் வருமெண்டால் பிறகேன் உதை எடுக்கிறியள்?”

“நீர்தானே சின்னனை நல்லதெண்டு சொன்னீர்.”

“நான் வீட்டுக்குச் சொன்னன். கரடிக்குச் சொல்லேல்லை.” மேசையில் கிடந்த மற்ற இரண்டையும் பார்த்தாள். பிறகு, “உது எங்கடை வீட்டிலைதான் கிடக்கவேணுமோ?” என்றாள்.

“ஓம். லைசென்ஸ் என்ரை பேரிலை எல்லோ.”

“ஆர் சொன்னது?”

“ஆர் சொல்லவேணும்? அப்பிடித்தான் இருக்கும்.”

“ஆரையும் கேட்டனீங்களோ?”

நான் ஒருவரையும் கேட்கவில்லை. வகுப்பில் கேட்கவில்லை, முதலாளியைக் கேட்கவில்லை. அகதி வழக்கு நடந்தபோது லோயர் எங்களுக்குச் சொன்னது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கோ, நீங்களாக ஒன்றும் கேட்காதேங்கோ என்று. வழக்கு முடிந்து, சிற்றிசன் எடுத்து, வீடும் வாங்கியாகிவிட்டது. ஆனாலும் சட்டம் சம்பந்தப்பட்ட எந்த இடத்திலும் என் வாய் தானாகத் திறப்பதில்லை. என்னைப்போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கேள்வி கேட்டால், ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பார்கள் என்ற நினைப்பு.

மனைவிக்கும் அதே லோயர்தான். ஆனால் அன்றைக்கு அவள் தாடிக்காரரின் பக்கம் திரும்பி, தன்னுடைய இங்கிலீசில், “திஸ், மை ஹவுஸ், மஸ்ட் ஸ்லீப்?” என்று கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. அவளுக்கு விளங்கும்படி ஆறுதலாகச் சொன்னார். வீட்டில்தான் என்று சட்டம் இல்லை. லைசென்ஸ் உள்ள இன்னொருவர் பொறுப்பெடுத்துப் பூட்டி வைக்கலாம். வேலை இடத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அங்கேயே வைக்கலாம்.

எங்கள் டிப்போவில் சாமான்களுக்குப் பொறுப்பானவர் வேட்டைக்காரர். அவருடைய அறையில் ஆளுயர இரும்பு அலுமாரி ஒன்று நிற்கிறது. அதை நான் எத்தனை தரம் கடந்து போயிருப்பேன். கடைக்குள் நின்றே முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவருக்கு முதலில் என் கேள்வியே விளங்கவில்லை. பிறகு, அதை வேறு எங்கே வைக்கப்போகிறாய், பழைய ஆளும் இங்கேதானே வைத்தவர், உனக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்றார்.

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். அவள் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் இருந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நெற்றியில் சிலுவை போட்டாள். நானும் போட்டேன். தாடிக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

கொஞ்சத்தால் அவள் எழும்பினாள்.

“அப்ப உந்தக் குடையை உள்ளுக்கு வைக்கச் சொல்லுங்கோ. கரடிக்கு எது நல்லது?”

தாடிக்காரர் கட்டையான தடித்த துவக்கைக் காட்டினார். மனைவி அதை என் கையில் தரச்சொன்னாள். பிறகு சப்பாத்துக் கடையில் பிள்ளையை நடக்கவிடுகிற மாதிரி என்னை அங்குமிங்கும் நடக்கவிட்டாள்.

“தோளிலை போடுங்கோ. குனியுங்கோ. கொட்டில் கதவாலை வரேக்கை இடிக்குமோ?”

“இடிக்காது.”

“பாரமோ?”

“இல்லை.”

“பொய் சொல்லாதேங்கோ.”

“கொஞ்சம் பாரம்தான்.”

“பாரமாக் கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, “இதோடை என்ன ஃப்ரீ?” என்று தாடிக்காரரைக் கேட்டாள். அவர் ஒரு பூட்டும் செம்மஞ்சள் தொப்பியும் தந்தார். பல மனைவிமார் காரை விட்டே இறங்குவதில்லை என்று என்னிடம் சொன்னார். துவக்கைத் தாங்களே வைத்திருப்பதாகவும், வடக்கே போகும்போது வந்து எடுக்கலாம் என்றும் சொன்னார். நாங்கள் தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். காரில் ஏறிக் கொஞ்ச நேரத்திலேயே மனைவி நித்திரையாகிவிட்டாள். வாய் திறந்தபடி நல்ல நித்திரை. நான் றேடியோவை நிப்பாட்டினேன்.

அடுத்த கிழமை துவக்கை எடுத்துக்கொண்டு போய் டிப்போவில் ஒப்படைத்தேன். பொறுப்பாளர் வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அன்றிலிருந்து அது வடக்கே போகும், திரும்பி வந்து சட்பரியில் படுக்கும். எங்கள் வீட்டு வாசலை அது கண்டதில்லை.

முதல் தரம் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கோபுரத்தடியில் நின்றபோது, கரடிகள் கேட்டு விலகிப் போகும்படி சத்தம் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்று வகுப்பில் படிப்பித்தது ஞாபகம் வந்தது. என்ன சத்தம் போடுவது? எனக்குத் தெரிந்ததைப் போட்டேன். ஒருவர் பாதி சொல்ல மற்றவர்கள் மறுபாதி சொல்கிற செபமாலையைத் தமிழில் உரத்துச் சொன்னேன். உள்ளே எஞ்சினை நிப்பாட்டிவிட்டு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்த பிலிப்பினோக்காரர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தன்னுடைய பாஷையில் மறுபாதியைச் சொல்லத் தொடங்கினார். நான் நிறுத்துகிற இடத்தில் அவர் தொடங்குவார். வேலை முடியும்வரை ஒரு கரடியும் வரவில்லை. துவக்குத் தோளிலேயே கிடந்தது. இன்றுவரைக்கும் அதால் நான் ஒன்றையும் சுட்டதில்லை. ஆண்டவர் கிருபை.

அன்றைக்கு மனைவியிடம் போனில் இதைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவேண்டியிருந்தது.

“உந்தச் சத்தத்தை முதலே போட்டிருந்தால் துவக்கே தேவைப்பட்டிராது.”

“துவக்கு இருக்கிறபடியாத்தானப்பா எனக்குச் சத்தம் வருது. இல்லாட்டி வாயே திறவாது.”



“அப்ப ரெண்டும் இருக்கட்டும்” என்றாள்.