மிச்ச யூரியா

இரண்டு வருசம் காலபோக நெல்லில் என் தங்கையின் விளைச்சலை நாசமாக்கியது நான்தான். அது தெரிந்த அன்றைக்கு வரம்பிலேயே குந்திவிட்டேன்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து அவள் திரும்பி வந்தபோது, இலுப்பைக்கடவையில் அப்பாவின் காணியில் கடைசி வயலை அவளுக்கு விட்டேன். மற்ற இரண்டும் எனக்கு. ஒரே விதை, ஒரே வாய்க்கால், ஒரே நாள் விதைப்பு. "இது சரிவராட்டி நான் திரும்ப அங்கயே போறன் அண்ணா" என்று முதலிலேயே சொல்லியிருந்தாள்.

எங்கள் பக்கம் வாய் வெட்டிய யூரியா பையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக மாட்டோம். ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். அரசாங்கம் உரத்துக்குத் தடை போட்டு எங்களை அலையவிட்ட வருசத்துக்குப் பிறகு வீசவும் மனம் வருவதில்லை. என் வயல்களில் அளவாக எறிந்துவிட்டு மிச்சம் முழுவதையும் அவளுடையதில் உதறுவேன். தங்கச்சிக்குத்தானே என்று கை தாராளமாகப் போகும். அவள் வயல் கரும்பச்சையாக நிற்கும். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டிப் பெருமையடிப்பேன்.

தை மாதம் ஒரு மழையும் காற்றும். என்னுடையது நின்றது, அவளுடையது பாய் விரித்த மாதிரிப் படுத்துவிட்டது. அடுத்த வருசமும் அதே கதை. "பாதி சப்பி ஐயா" என்று அறுவடை மெசின்காரன் உள்ளங்கையில் பதரை ஊதிக் காட்டினான். நான் மண்ணைத் திட்டினேன்.  அவள் அடுத்த கிழமை மன்னாருக்குப் போய்ப் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்து வந்தாள்.

மூன்றாம் முறை, உரம் எறிகிற நேரம் நான் ஒப்பரேசன் செய்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மூன்று வயலுக்கும் அவள்தான் எறிந்தாள். வந்து பார்த்தால் அவளுடையதில் அந்தப் பழைய கரும்பச்சை இல்லை. "பயிரைப் பட்டினி போட்டிட்டியே" என்று கத்தினேன்.

தையில் அதே காற்று வந்தது. அவள் நெல் நின்றது. என் வயல் ஒவ்வொன்றையும்விட அவளுடையதில்தான் கூட மூட்டை. 

"அப்ப மண்ணில பிழை இல்லையோ?"

"இல்லை அண்ணா. அங்க கூலிக்கு வயல் வேலை செய்தனான். யூரியா கூடினா விழுமெண்டு தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனான். நீங்கள் ஆசையா அள்ளிப் போடேக்க, வேண்டாமெண்டு என்னெண்டு சொல்லுறது?"

அன்று பின்னேரம், அடுத்த போகத்துக்கு என்று, வாய் இறுகக் கட்டிய பையொன்றைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தாள். நான் இல்லாதபோது அவள் எறியாமல் வைத்த மிச்சம். கட்டிகூடப் பட்டிருக்கவில்லை.