முப்பது வருடம் போடாத ஓட்டு

லண்டனுக்கு வெகு வடக்கே, ஓக்கன்ஷாவில் மீன் வறுவல் கடை என்று யார் சொன்னாலும் அது சிரில் கிராஷாவின் கடைதான். வேறு கடைகளும் இருக்கின்றன, இருந்துவிட்டுப் போகட்டும். ஹாடக் மீனை மாட்டுக் கொழுப்பில் வறுத்தெடுக்கும் துணிச்சல் இன்று எவனுக்கு இருக்கிறது? எல்லோரும் எண்ணெய்க்கு மாறிவிட்டார்கள். சிரில் மாறவில்லை. மாறாமலே ஒரு கடையை இரண்டாக்கினார். இரண்டாவது கடை பேருந்து நிலையத்துக்கு எதிரில், பித்தளைக் கைப்பிடி போட்ட கதவோடு.

பதினைந்து வயதில் அவர் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டார். கையெழுத்துப் போடவும் கூட்டிக் கழிக்கவும் தெரியும், அதற்கு மேல் அங்கே அவருக்கு வேலை இருக்கவில்லை. இன்னொருவர் கடையின் பின்கட்டில், ஜனவரி மாதத்து ஐஸ் தண்ணீரில் முழங்கை வரை கையை விட்டு உருளைக்கிழங்கு கழுவினார். அந்தக் கடையையே பிற்பாடு விலைக்கு வாங்கினார். யாரிடமும் போய்க் கைநீட்டியதில்லை என்று சொல்லுவார். கல்லாவுக்குப் பின்னால் நின்று தினம் ஒரு தடவையாவது சொல்லுவார்.

அவர் சொல்வதைத் தினமும் கேட்டு, தினமும் மறுத்துப் பேச ஒரு மனிதர் இருந்தார். வில்ஃப் டாட்டர்சால். தறி எந்திரம் செய்யும் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர், தொழிற்சங்கக்காரர். தொழிற்சாலையை மூடிய பிறகு பள்ளிக்கூட வாட்ச்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிரில் முதலாளிகள் பக்கம் சாயும் நீலக் கட்சி, வில்ஃப் தொழிலாளர்களின் சிவப்புக் கட்சி. இருவரும் பிறந்ததே அப்படித்தான் என்று ஊரில் பேச்சு.

இருவருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. எழுபத்தொன்பதாம் வருடத் தேர்தலன்று நல்ல மழை. ஓட்டுச்சாவடி வரிசையில் சண்டை போட்டபடியே நனைந்துகொண்டிருந்தார்கள். வில்ஃப்தான் திடீரென்று கேட்டார்: "நீ உள்ள போய் ஒண்ணு போடப் போற. நான் போய் அதை அழிக்கப் போறேன். இதுக்கு எதுக்குடா ரெண்டு பேரும் நனையணும்?" சிரிலுக்கு அது நியாயமாகப் பட்டது. அங்கேயே கை குலுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பொதுத் தேர்தல் நாளும் மலைமேல் இருக்கும் நீர்த்தேக்கத்தில் படகு எடுத்து டிரவுட் மீன் பிடிக்கப் போவது வழக்கமானது. பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள். இவர்கள் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை, யாரையும் திட்டாமலும் விடவில்லை. இந்த மாதிரி ஒப்பந்தம் வேறு சிலரிடமும் உண்டு. பாதிப் பேர் திருட்டுத்தனமாகப் போய்ப் போட்டுவிட்டு வருவார்கள். இவர்கள் அப்படியில்லை. சிரில் கிராஷா கை கொடுத்தால் கொடுத்ததுதான்.

2010 மே மாதம், வியாழக்கிழமை தேர்தல். ஆட்சியில் இருந்தது சிவப்புக் கட்சி. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை கடையில் வரிசை வாசலைத் தாண்டி நடைபாதை வரை நின்றது. வெள்ளிக்கிழமை என்றால் ஊருக்கே மீன். அந்த வரிசையில் பேசாத அரசியல் லண்டனில் பேசியிருக்க மாட்டார்கள்.

"இந்த ஆளு நாட்டையே அடகு வெச்சுட்டான்," என்றார் சிரில், மீனை மாவில் தோய்த்தபடி. "கையில காசு இல்லன்னா செலவு பண்ணக் கூடாது. இது தெரிய காலேஜுக்கா போகணும்?"

"காசைத் தொலைச்சது பேங்க்காரன்," என்றார் கல்லாவில் சாய்ந்து நின்ற வில்ஃப். "பழி மட்டும் பிரதமர் தலையிலயா?"

"பிரதமர் சிரிக்கறதப் பாத்தியா டிவியில? பல்லு பிடுங்கப் போறவன் மாதிரி."

"உங்க ஆளு மட்டும் என்னவாம்," என்றாள் எட்னா ஹோல்ட். பள்ளிக்கூடச் சமையல்காரி, வரிசையில் முதல் ஆள். "அந்த மூஞ்சிய யாரோ இஸ்திரி போட்டு அனுப்பின மாதிரி இருக்கு. ஒரு நாளாவது ஒரு பாத்திரம் கழுவியிருப்பாரா அவரு?"

"மூணாவது கட்சி ஆளு டிவி விவாதத்துல நல்லாப் பேசறாரே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கேள்வி கேட்டவங்க பேரையெல்லாம் ஞாபகம் வெச்சுச் சொல்றாரு."

"என் மருமகனுக்கும் எல்லார் பேரும் ஞாபகம் இருக்கும்," என்றாள் எட்னா. "வேலைக்குத்தான் போக மாட்டான். வினிகர் கொஞ்சம் தாராளமா ஊத்துங்க சிரில்."

வாசலருகே நின்ற ஒருவர், வெளிநாடுகளிலிருந்து வந்து குவிந்தவர்களால்தான் எல்லாம் கெட்டது என்று ஆரம்பித்தார். டாக்ஸி ஓட்டும் ஷஃபீக் பெருமூச்சு விட்டான்.

"வந்துட்டீங்களா? நம்ம முறை எப்ப வரும்னுதான் பாத்துக்கிட்டு நின்னேன். அண்ணே, கோடி கோடியாத் தொலைச்ச ஆளுங்க என் டாக்ஸில பின் சீட்ல உக்காந்தவங்க. நான் முன் சீட்டு."

வரிசை சிரித்தது. சிரிலும் சிரித்துவைத்தார்.

"சரி, உன் பேங்க் எப்படிடா இருக்கு?" என்றார் வில்ஃப். "முப்பது வருஷமாப் பெருமை பீத்திக்குவியே. மேனேஜரு எழுந்து நின்னு கை குலுக்குவாருன்னு."

"பாறை மாதிரி இருக்கு," என்றார் சிரில்.

அதைச் சொன்னபோது அவர் வில்ஃபின் முகத்தைப் பார்க்கவில்லை. கொப்பரையையும் பார்க்கவில்லை. ஆறு ஹாடக்குகள் கருகிப்போயின. கடை திறந்த நாளிலிருந்து நடக்காதது அது.

உண்மை இதுதான். எழுந்து நின்று கை குலுக்கிய மேனேஜர் எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்தத் திங்கட்கிழமை எங்கிருந்தோ ஒரு பெண்பிள்ளை தொலைபேசியில் பேசினாள். குரல் தேன் மாதிரி இருந்தது. கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துத் திருப்பிக் கட்ட இத்தனை வருடமாகக் கொடுத்திருந்த கடன் வசதியை பேங்க் நிறுத்துகிறது என்றாள். "நான் ஒரு தவணைகூடத் தவறினது இல்லையேம்மா" என்றார் சிரில். அது எங்களுக்குத் தெரியும் ஐயா, எல்லோருக்கும்தான் நிறுத்துகிறோம் என்றாள். அது இல்லாமல் இரண்டு கடை ஓடாது. பேருந்து நிலையக் கடையைத் தேர்தலுக்குப் பின் வரும் சனிக்கிழமையோடு மூடியாக வேண்டும். பித்தளைக் கைப்பிடியோடு.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வில்ஃப் ஜெயித்துவிடுவார். பேங்க்காரனை நம்பாதே என்று வில்ஃப் கத்தியதும், அரசாங்கத்தைத்தான் நம்பக் கூடாது என்று இவர் திருப்பிக் கத்தியதும் ஒரு நாள் இரண்டு நாள் கதையா? இப்போது போய், நீ சொன்னதுதான் சரி என்றா நிற்பது? அதனால் அந்த வாரம் முழுக்க அரசாங்கத்தைத் திட்டும் குரலை இன்னும் உயர்த்தினார். திட்டத் திட்ட வாய் கசந்தது. ராத்திரி படுத்தால் காதில் அந்தத் தேன் குரல்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. பேங்க்காரர்களின் கூட்டாளிகள் எல்லாம் தன்னுடைய கட்சியில்தான் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. நீலத்துக்குக் குத்த இனி கை வராது. அப்படியானால் ஒப்பந்தம் என்ன ஆவது? ஒரு நீல ஓட்டை அழிப்பதாக நினைத்து வில்ஃப் படகில் உட்கார்ந்திருப்பார். அழிக்க அங்கே ஓட்டே இல்லை. வில்ஃபின் சிவப்பு ஓட்டு மட்டும் சும்மா வீணாகும். இது ஏமாற்று. வியாழக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும், அல்லது கை கொடுத்தால் கொடுத்ததுதான் என்று இனிமேல் வாயைத் திறக்கக் கூடாது.

வியாழக்கிழமை காலை நீர்த்தேக்கத்தில் தூறல். படகு நடுவில் நின்றது. இருவரும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் தூண்டில் போட்டிருந்தார்கள். ஒன்றும் மாட்டவில்லை.

"ஊருக்கே மீன் வறுக்கறவன்," என்றார் வில்ஃப். "ஒரு மீன் உன்னை மதிக்குதா பாரு."

 சிரில் தெர்மாஸிலிருந்து தேநீரை ஊற்றி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வில்ஃப். இந்தத் தடவை நம்ம ஒப்பந்தம் செல்லாது."

"ஏன், திருட்டுத்தனமாப் போய்ப் போட்டுட்டியா?"

"வாயைக் கழுவு. நானா போடுவேன்?"

"அப்ப என்ன?"

சிரில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பேங்க் கைவிட்டதை, பேருந்து நிலையக் கடையை, சனிக்கிழமையை. நாலே வாக்கியம். அவருடைய ஆயுசில் எந்த விஷயத்தையும் அவ்வளவு சுருக்கமாக அவர் சொன்னதில்லை. "அதனால நீலத்துக்கு என்கிட்ட ஓட்டு இல்ல. போட்டா சிவப்புக்குத்தான் போடணும். நீ கரைக்குப் போய் உன் ஓட்டைப் போட்டுக்கோ. நான் உன்னை ஏமாத்த மாட்டேன்."

நான் அப்போதே சொன்னேனே என்று வரும் என்று காத்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. வில்ஃப் தூண்டிலைச் சுற்றி எடுத்தார். புழு அப்படியே இருந்தது.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன, முட்டாப் பயலே," என்றார்.  பிறகு, "நான் மட்டும் சிவப்புக்குப் போடப் போறேன்னு எவன் சொன்னான்?"

சிரில் திரும்பினார்.

"என் பென்ஷன்ல கீழ்த்தட்டு வரிச் சலுகைய எடுத்தது யாரு? எங்க ஆளுங்க. பேங்க் விழுந்தப்ப ஓடிப் போய்த் தாங்கிப் பிடிச்சது யாரு? எங்க ஆளுங்க. என்கிட்ட பிடுங்கி உன் பேங்க்குக்குக் கொடுத்தானுங்க. அந்த பேங்க் உன்னைத் தெருவுல விட்டுடுச்சு. அவனுங்களுக்கு ஒரு பாடம் சொல்லித் தரணும்னா உன் நீலத்துக்குத்தான் குத்தணும். ஒரு வாரமா வயிறு எரியுது. உன்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா நீ கடை வாசல்ல போர்டு எழுதி மாட்டிடுவியே."

"மாட்டியிருப்பேன்," என்றார் சிரில்.

 அப்போதுதான் சிரிலுக்கு ஒன்று உறைத்தது. "அப்ப நான் சிவப்பு. நீ நீலம்."

"ஆமா."

"இப்பவும் ஒண்ணை ஒண்ணு அழிச்சிடுதே."

"அட, ஆமாம்டா."

ஒப்பந்தம் அட்சரம் பிசகாமல் அப்படியே நின்றது. பேசாமல் உட்கார்ந்து மீன் பிடிக்கலாம். சிரிலுக்கு அதை நினைக்க நினைக்கத்தான் ஆத்திரம் பொங்கியது. கடை போயிற்று, வாரம் முழுக்கத் தூக்கம் போயிற்று, கடைசியில் கோபத்தைக் காட்டுவதற்குக்கூட வழியில்லையா?

"துடுப்பை எடு," என்றார். "எதுக்காவது பிரயோஜனம் உண்டோ இல்லையோ, எனக்கு இன்னிக்கு எங்கயாவது ஒரு கோடு கிழிக்கணும்."

பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச்சாவடி. பள்ளிக்கு விடுமுறை என்பதால் எட்னா அன்று சமையலுக்குப் பதில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர் பார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டச் சொட்ட நீள ரப்பர் பூட்ஸோடு நுழைந்த இருவரையும் பார்த்து அவள் வாய் திறந்தபடி நின்றது.

"ரெண்டு பேருமா? என்னாச்சு, தேக்கம் வத்திப் போச்சா?"

"சீட்டைக் கொடு கண்ணு," என்றார் சிரில். "கதை அப்புறம்."

பலகைத் தடுப்புக்குள் கயிற்றில் கட்டிய பென்சில் தொங்கியது. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. சிரில் சீட்டை விரித்தார். சிவப்புக் கட்சிப் பெயருக்கு எதிரே பென்சிலைக் கொண்டுபோனார். அங்கே குத்த வேண்டியதுதான். குத்தினால் வில்ஃப் சொன்னதெல்லாம் எழுபத்தொன்பதிலிருந்து சரி என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி. படகில் வாயால் சொன்னது வேறு, அதைக் காற்று கொண்டுபோயிருக்கும். இது பேப்பர். நீலப் பெயரைப் பார்த்தார். உடனே தேன் குரல் கேட்டது. மறுபடி சிவப்பு. மறுபடி நீலம்.  பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு செருமல் கேட்டது. வில்ஃபும் இன்னும் உள்ளேதான் நிற்கிறார்.

கடைசியில் சிரில் கண்ணை மூடாத குறையாகப் பழைய இடத்திலேயே ஓர் எக்ஸ் கிழித்தார். நீலம். கிழித்த மறுநொடியே, அந்தக் கட்சியை மேலிருந்து கீழ் வரை மனதார ஒரு பாட்டம் திட்டினார். சீட்டை நாலாக மடித்துப் பெட்டியில் திணித்தார்.

வெளியே வேனுக்குள் உட்கார்ந்து காத்திருந்தார். வில்ஃப் வந்து ஏறினார். காது நுனி வரை சிவந்திருந்தது.

"போட்டியா?" என்றார் சிரில்.

"போட்டேன். நீ?"

"போட்டேன்."

"சொன்ன மாதிரிதான?"

"வேற எப்படி?"

இருவரும் கண்ணாடிக்கு வெளியே மழையைப் பார்த்தார்கள். அந்த முகத்தைச் சிரிலுக்குத் தெரியும். பொய் சொல்லும்போது வில்ஃப் மூக்கைத் தேய்ப்பார். இப்போது தேய்த்துக்கொண்டிருந்தார். தன் மூஞ்சி எப்படி இருக்கிறதோ என்று சிரில் பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் பக்கம் லேசாகத் திருப்பினார்.

வண்டி கிளம்பிப் பேருந்து நிலையத்தைத் தாண்டியது. மழையில் பித்தளைக் கைப்பிடி மட்டும் மின்னியது.

"சனிக்கிழமை அந்தக் கொப்பரையெல்லாம் எப்படி வெளிய எடுப்ப?" என்றார் வில்ஃப்.

"எடுப்பேன்."

"தனியாவா? நான் வர்றேன். எட்டு மணிக்கு."

"உன் முதுகை வெச்சுக்கிட்டு ஒரு வாளிகூடத் தூக்க மாட்ட."

"என் முதுகு போனது எதனால? அந்தத் தொழிற்சாலையில கிரேனை வித்துட்டுக் கையால தூக்க வெச்சது யாரு?"

"யாரு? உங்க சங்கம்தான். மாசம் ஒரு ஸ்ட்ரைக் அடிச்சா முதலாளி கிரேனை விக்காம கும்பிட்டுக்கிட்டா நிப்பான்?"

"சங்கமா?" என்றார் வில்ஃப். இருக்கையில் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "எண்பத்திரண்டுல என்ன நடந்துச்சுன்னு உனக்கு என்னடா தெரியும்? வண்டிய நிறுத்து, சொல்றேன்."

சிரில் நிறுத்தவில்லை. மேட்டில் வண்டியை இரண்டாவது கியருக்கு மாற்றி, தன் பங்குக்குக் குரலை உயர்த்தினார்.