கொக்கி அண்ணனின் ஒரே வாசகி

மருந்துப் பெட்டியைத் திறந்தால் பல மடிப்பாக மடித்த மெல்லிய தாள் ஒன்று விழும். மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டு தாளைக் குப்பையில் போடுவது உலக வழக்கம். அந்தத் தாளைத் தயாரிப்பதுதான் கொக்கி அண்ணனின் பிழைப்பு. பூட்டுக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், ஏசி ஓடினால் ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடிக்கிற அறையில் உட்கார்ந்து, கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்தில் வருடக்கணக்காகப் பக்கங்களை அமைத்துத் தள்ளியிருக்கிறார். அவற்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பவர் என்று அவருக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவருடைய அக்கா.

அக்கா கணவனை இழந்த பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டவள். தம்பிக்குப் பார்த்த வரன்கள் எல்லாம் தட்டிப் போயின. அப்புறம் பார்ப்பதற்கும் ஆள் இல்லாமல் போயிற்று. அவளுக்கு இருதயத்தில் கோளாறு. மாத்திரைப் பெட்டி வந்தால் முதலில் தாளைப் பிரிப்பாள், பூதக்கண்ணாடியைக் கண்ணுக்குக் கொடுப்பாள்.

"ஏண்டா, தலைசுத்தல், வாந்தி, அரிப்பு, தூக்கமின்மைன்னு வரிசையா போட்டிருக்கியே, இது மருந்தா, சாபமா?"

"நானா போடறேன்? கம்பெனி குடுக்கறதைப் போடறேன்க்கா."

"எழுத்தையாவது கொஞ்சம் பெருசாப் போடேன். நோய்க்காரிக்குக் கண்ணு மட்டும் குமரியாவா இருக்கும்?"

போன வருடம், வெளிநாட்டில் வேலைக்குப் போயிருந்த மகன் வந்து அவளைக் கடல் தாண்டித் தன்னோடு அழைத்துப் போய்விட்டான். வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர் மட்டும் புழக்கத்தில் இருந்தன. மற்றவை அலமாரியில் கவிழ்ந்து கிடந்தன. போனில் கூப்பிட்டால் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. கூடவே இருந்தவர்களுக்குத் தனியாகப் பேச்சு என்று ஒன்று எங்கே இருந்தது? ஒரு நாள் என்னவோ தோன்றி, திரையில் இருந்த மருந்துத் தாளை போனில் படம் பிடித்து அனுப்பினார். சற்று நேரத்தில் அக்காவின் திட்டு வந்தது, பழைய ருசியோடு. அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு வேளையில் ஒரு பக்கம் போகும். அங்கே அப்போது விடிந்துகொண்டிருக்கும். மகனும் மருமகளும் எழுவதற்குள் அவள் படித்து முடித்து, குறையைச் சொல்லி அனுப்பிவிடுவாள்.

அச்சாகாத எதுவும் அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருந்தது. வேலைக்குச் சேரும்போது அவரும் அந்த விதிக்குக் கையெழுத்துப் போட்டவர்தான். தெரிந்தால் வேலை போகும் என்பதும் தெரியும். படம் பிடிக்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டுச் செடியில் பூப்பறிப்பவரைப் போல இரு பக்கமும் பார்த்துக்கொள்வார். ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை. நாள் முழுவதிலும் அவரோடு அவருக்காகப் பேசுகிற குரல் அது ஒன்றுதான்.

அவருடைய வேலையைச் சொன்னால்தான் பிறகு ஒரு நாள் நடந்தது விளங்கும். மருந்துக் கம்பெனி அனுப்புவது எக்ஸ்எம்எல் கோப்பு. அதில் ஒவ்வொரு பத்திக்கும் முன்னும் பின்னும் அம்புமுனை மாதிரியான கூர்க்கொக்கிகளுக்குள் ஒரு பெயர் இருக்கும். இது அளவு, இது பக்கவிளைவு, இது எச்சரிக்கை என்று. அந்தக் கொக்கிகளோடு மல்லாடுவதால்தான் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். கோப்பிலிருந்து எதை எடுத்து எங்கே வைப்பது என்கிற கட்டளைகளுக்கு ஸ்டைல்ஷீட் என்று பெயர். 'எச்சரிக்கை என்ற பெயருள்ளதை எடுத்துக் கறுப்புக் கட்டத்துக்குள் வை' என்று அதில் எழுதினால் கணினி தேடி எடுத்து வைக்கும். கிடைக்காவிட்டால்? அங்கேதான் வம்பு. கிடைக்காவிட்டால் அது முறையிடாது. எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அதன் கணக்கில் பிழையே இல்லை. கட்டத்தையே விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். பக்கம் துடைத்து வைத்த மாதிரி அழகாக வரும்.

அன்று காலை வந்தது ஓர் இருதய மாத்திரைக்கான தாள். மதியத்துக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஓட்டிப் பார்த்தார். எல்லாம் வந்தது, கறுப்புக் கட்டத்தைத் தவிர.

முதலில் பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்தார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்தார். சரி. வழி தவறியிருக்குமோ என்று, கோப்பின் தலையிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கித் தேடும்படி மாற்றி எழுதினார். ஒன்றுமில்லை. எத்தனை எச்சரிக்கை இருக்கிறது, எண்ணிச் சொல் என்று கேட்டார். பூஜ்யம் என்றது. கோப்பைத் திறந்தால் கண்ணெதிரே இருக்கிறது, விரலால் தொடலாம் போல. பெயர் சொல்லாமல், உள்ளே இருப்பது எதுவானாலும் எடு என்று நட்சத்திரக் குறி போட்டார். குபுகுபுவென்று எல்லாம் வந்தன, எச்சரிக்கையும்தான்.

"கூட்டமா கூப்பிட்டா வருது, பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வர மாட்டேங்குது," என்றார் பாதி தனக்கே.

பக்கத்து மேசையில் இருந்த சுருட்டை நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். தலைமுடியால் அந்தப் பெயர். வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை.

"எங்க வீட்டுப் பூனையும் அப்படித்தான் அண்ணா. தள்ளுங்க, பாக்கறேன்." கோப்பின் முதல் வரியைக் காட்டினாள். "இது என்ன, புதுசா இருக்கே?"

கம்பெனி மென்பொருளை மாற்றியிருந்தது. அது கோப்பின் உச்சியில் நீளமாக ஒரு முகவரியை எழுதி, உள்ளே இருப்பவை எல்லாம் இந்த வீட்டைச் சேர்ந்தவை என்று அறிவித்திருந்தது. நேம்ஸ்பேஸ் என்பார்கள். அதற்குப் பிறகு வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வீடில்லாத எச்சரிக்கையைத் தேடுவதாகத்தான் கணினி எடுத்துக்கொள்ளும். முறையான வழி, ஸ்டைல்ஷீட்டிலும் அந்த வீட்டை அறிவித்து, ஒவ்வொரு கட்டளையிலும் வீட்டுப் பெயரைச் சேர்ப்பது. கட்டளைகளோ ஏராளம்.

"அச்சகத்துலேந்து ரெண்டு தடவை கேட்டாச்சு அண்ணா. வீட்டைப் பாக்காம பேரை மட்டும் பாத்து எடுன்னு சொல்லிடலாமே? ஒரே வரி."

"அது குறுக்கு வழி."

"குறுக்கு வழில போனாலும் ஆபீஸ்தானே வரும்."

அவர் சிரித்துவிட்டார். ஒரே வரியில் மாற்றினார். கறுப்புக் கட்டம் வந்தது. சொல்லப்போனால் வழக்கத்தைவிடக் கொழுத்து வந்தது. அவர் பார்த்தது கட்டத்தை. கோடு நேராக இருக்கிறதா, எழுத்து வெளியே பிதுங்குகிறதா என்று பார்த்தார். உள்ளே என்ன சொல்லியிருக்கிறது என்று பார்ப்பது அந்தத் தொழிலில் யாருக்கும் பழக்கமில்லை. அனுப்பிவிட்டார். பிறகு இரு பக்கமும் பார்த்துவிட்டுப் படம் பிடித்து அக்காவுக்கும் அனுப்பினார்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன்பே போன் அடித்தது. எப்போதும் எழுதி அனுப்புகிறவள் இன்று கூப்பிடுகிறாள்.

"என்னடா இது, மேல ரத்த அழுத்த மாத்திரையோட சேத்துச் சாப்பிடவே கூடாதுங்குது, கீழ சாப்பிடலாம்ங்குது. நான் எதைக் கேக்கறது?"

"எங்கக்கா?"

"கறுப்பாக் கட்டம் கட்டியிருக்கியே, அதுக்குள்ளதான். நான் ரெண்டும் முழுங்கறவ. கீழ இருக்கறதை நம்பினா போய்ச் சேந்துடுவேன் போலிருக்கே."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே கோப்பின் வாலுக்குப் போனார். புதிய மென்பொருள் பழைய பதிப்பின் பத்திகளையும் கடைசியில் கட்டி வைத்திருந்தது. பெயர் அதே எச்சரிக்கை, வீடு வேறு. அது கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொண்ட வாசகம். வீட்டைப் பார்க்காதே என்று அவர் சொன்னார், கணினி பார்க்கவில்லை. இரண்டையும் அள்ளி ஒரே கட்டத்தில் உட்கார வைத்துவிட்டது.

அச்சகத்தைக் கூப்பிட்டார். "மெஷின்ல ஏத்தியாச்சே. நிறுத்தணும்னா உங்க மேனேஜர் சொல்லணும்," என்றார் அங்கிருந்த ஃபோர்மேன். கொக்கி அண்ணன் மேனேஜர் அறைக்கு ஓடினார். போனில் பேசியதைக் கேட்டிருந்த சுருட்டையும் பின்னாலேயே வந்தாள். மேனேஜர் பாதி கேட்டதுமே போனை எடுத்து அச்சகத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிறகுதான் மூச்சு விட்டார்.

"நல்ல வேளை. யாரு பாத்தது?"

நீங்களே பார்த்ததாகச் சொல்லுங்கள் என்று சுருட்டை கண்ணால் ஜாடை காட்டினாள். அதைச் சொல்லத்தான் அவரும் வாயைத் திறந்தார். ஆனால் அக்கா அந்த விடியலில், யாரையும் எழுப்பாமல், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியோடு படித்ததைத் தான் படித்ததாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"எங்க அக்கா சார்."

"அவங்க எந்த செக்‌ஷன்?"

சுருட்டைக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"செக்‌ஷன் இல்ல சார். மகன்கூட வெளிநாட்டுல இருக்காங்க. தினமும் ஒரு பக்கம் அனுப்புவேன். படிச்சுச் சொல்வாங்க."

மேனேஜர் பேனாவை மூடித் திறந்தார்.

"தினமுமா?"

"தினமும் சார்."

"மேல தெரிஞ்சா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். நான் கேக்கலைன்னு வெச்சுக்கறேன். அக்காவுக்கு என் நன்றியைச் சொல்லுங்க. இன்னொண்ணும் சொல்லிடுங்க."

"என்ன சார்?"

"இதுதான் கடைசின்னு."

மதியம் முழுவதும் உட்கார்ந்து முறையான வழியிலேயே செய்தார். வீட்டை அறிவித்து, ஒவ்வொரு கட்டளையிலும் சேர்த்தார். கட்டத்துக்குள் ஒரே எச்சரிக்கை வந்தது. இந்த முறை வரி வரியாகப் படித்துவிட்டே அனுப்பினார். படிக்கும்போது காதில் யாரும் திட்டவில்லை.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி கூப்பிட்டார்.

"நின்னுச்சா?" என்றாள் எடுத்ததும்.

"நின்னுச்சு. மேனேஜர் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்."

"எனக்கா? என்னை அவருக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லிட்டேன்."

"சரி, நாளைக்கு என்ன அனுப்பற? வயித்துவலி மருந்துத் தாளு வேணாம், படிக்கவே குமட்டுது."

"இனிமே அனுப்ப முடியாதுக்கா."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"நான் கண்டுபிடிச்சதாலயா?"

"நான் சொன்னதால."

"எதுக்குடா சொன்ன, மக்கு?"

"யார் பாத்ததுன்னு கேட்டார்."

இன்னும் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டவில்லை. அவருடைய பேருந்து வந்து, கதவைத் திறந்து, மூச்சு விட்டது.

"வண்டி வந்துடுச்சு போலிருக்கே, சத்தம் கேக்குது," என்றாள்.

"ஆமா."

"ஏறணுமா?"

பேச என்ன இருக்கிறது என்று யோசித்தார். எதுவும் அகப்படவில்லை. நடத்துநர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

"அடுத்ததுல போறேன்," என்றார் கொக்கி அண்ணன், இரண்டு பேருக்குமாக. வண்டி கிளம்பியது. போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார். அக்காவும் வைக்கவில்லை.