தாம்பாளத்தில் வைத்த லித்தியம் செல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். சாமி காரியத்தைக் குறை சொல்கிறான் என்று நினைப்பார்களோ என்ற பயம். குறை சாமியிடம் இல்லை, என்னிடம்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். மனைவியின் தம்பி கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோ எடுப்பவன். அவன் கேமரா பேட்டரி பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. மறுநாள் பேரிகையில் முகூர்த்தம். மாந்தோப்பில் பந்தல், கரன்ட் கிடையாது.

"மாமா, தாலி கட்டுறது மட்டும் விழலேன்னா, பொண்ணு வீட்டுக்காரங்க என்னை ஊரைத் தாண்ட விடமாட்டாங்க" என்றான்.

பெங்களூர் போய் பேட்டரிக்கு உள்ளே போடும் லித்தியம் செல் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். இரண்டும் சேர்த்து இணைத்தது. இரண்டு ஓரத்திலும் நீட்டிக்கொண்டிருந்த உலோகப் பட்டைகளுக்கு டேப் சுற்றியிருந்தது. "மாட்டுற வரைக்கும் டேப்பைப் பிரிக்காதே. செல் மேல நேரா சால்டரிங் வைக்காதே" என்று கடைக்காரர் கன்னடத்தில் இரண்டு தடவை சொன்னார். நன்றாகத் தலையாட்டினேன்.

எங்கள் கம்பெனியில் புது மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைக்காமல் சுவிட்சைத் தொடமாட்டோம். வீட்டிலும் எனக்கு அதே பழக்கம். பூஜை முடிந்துதான் பழைய பேட்டரியைத் திறப்பது என்று இருந்தேன். டேப்பின் மேல் சந்தனம் நிற்கவில்லை. பிரித்துவிட்டேன். பொட்டு வைத்து, பித்தளைத் தாம்பாளத்தில் படுக்கவைத்து, முருகன் படத்துக்கு முன்னால் கண்ணை மூடினேன்.

"ஏங்க, சந்தனத்துல ஆவி வருது!" என்றாள் மனைவி.

"முருகா!" என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"சாமி வரல மாமா, செல்லு கொதிக்குது!" என்று கத்தினான் மச்சான்.

பார்த்தால், இரண்டு பட்டையும் பித்தளையைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஷார்ட் சர்க்யூட்டுக்காக ஹெல்ப்பர்களைத் தினம் திட்டுகிறவன் நான்! சாக்கை மடித்துத் தாம்பாளத்தைப் பிடித்து ஓடி, வாசலில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் கவிழ்த்துவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். புஸ்ஸென்று புகை.

"சாம்பிராணியும் ஆச்சு" என்றாள் மனைவி.

மச்சான் சிரிக்கவில்லை. வேறு செல் வாங்க நேரமில்லை. ஆனால் பழைய பேட்டரியை நான் இன்னும் திறக்கவில்லையே, அந்தப் பத்து நிமிஷமாவது மிச்சம்! மறுநாள் கேமராவை அணைத்தே வைத்திருந்தான். கெட்டிமேளம் கேட்டதும்தான் போட்டான். மூன்று முடிச்சும் விழுந்தது, அட்சதை விழுந்தது, பிறகு பேட்டரியும் படுத்தது. பந்தலிலேயே முருகனைக் கும்பிட்டேன்.

இப்போதும் புது செல்லுக்குப் பூஜை உண்டு. டேப்போடு, அட்டைப் பெட்டியிலேயே, மரப் பலகையில்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். பட்டதைப் பட்டபடி சொல்லுங்கள். என் மரியாதைக்காக அந்தத் தாம்பாளத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.